முன்னெழுத்தில் மறைந்த தெய்வம்

கொரியத் திரைப்படம் ஒன்று முடிந்து, அதில் நடித்தோர், பாடியோர், படம் பிடித்தோர் ஆகியோரின் பெயர்கள் திரையில் வரிசையாக ஏறத் தொடங்கும்போது, கிம் என்றும் லீ என்றும் பார்க் என்றும் குடும்பப் பெயர் கொண்டவர்களே திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். தென் கொரியாவில் 2015-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட குடிமதிப்பின்படி அந்நாட்டு மக்களில் 21.5 விழுக்காட்டினர் கிம், 14.7 விழுக்காட்டினர் லீ, 8.4 விழுக்காட்டினர் பார்க். உலகமெங்கும் பிரசித்தி பெற்ற பி.டி.எஸ். என்னும் பாட்டுக் குழுவின் ஏழு இளைஞரில் மூவர் கிம் என்ற பெயரினர். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் கைப்பேசியில் கொரியத் தொடர்களைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள், இவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் சொக்காரர்களா என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு ஒரு தேசத்தின் சரித்திரத்தையே விடையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சரித்திரத்தை ஆராயப் புகுந்தவன், நாஞ்சில் நாட்டுக் கலைஞர்களின் பெயர்களை நோக்கித் திரும்பாமல் இருக்க முடியாது.

கொரியாவில் குடும்பப் பெயர் ஆதியில் அரச வம்சத்தாருக்கும் உயர்குடியினருக்கும் மட்டுமே உரிய விருதாக இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் கொர்யோ அரசை நிறுவிய வாங் கியோன், தனக்குத் துணை நின்ற வட்டாரத் தலைவர்களுக்குக் குடும்பப் பெயர்களை வழங்கினான் என்பது அந்நாட்டு வரலாறு. ஒரே பெயருடையோரை வேறுபடுத்திக் காட்ட மூதாதை வாழ்ந்த ஊரின் பெயரை அதனுடன் சேர்ப்பது வழக்கம். அதனை அவர்கள் போன்குவான் என்பர். கிம்ஹே ஊர்க் கிம் வேறு, கியோங்ஜு ஊர்க் கிம் வேறு. ஒரே குடும்பப் பெயரும் ஒரே மூலவூரும் உடையோர் மணம் செய்துகொள்ளலாகாது என்ற தடை சட்டத்திலேயே நெடுங்காலம் இருந்து, 1997-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத்தால் சாசனத்துக்கு ஒவ்வாதது என்று தீர்க்கப்பட்டு, 2005-இல் சட்டத்திலிருந்து நீங்கியது. ஒரு கோத்திரத்தார் தமக்குள் கொள்வினை கொடுப்பினை செய்யலாகாது என்ற விதியை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஆயின் நம் கவனத்துக்கு உரியது, பெயரே இல்லாதவர்களின் கதை. அடிமைகளும் தாழ்த்தப்பட்ட தொழிலாளரும் குடும்பப் பெயரின்றியே பிறந்து குடும்பப் பெயரின்றியே மறைந்தனர். கூத்தாடிகளும் கதைப்பாடகர்களும் அந்தத் தாழ்ந்த வரிசையில்தான் வைக்கப்பட்டிருந்தனர். ஒரே ஒரு பாடகன் நின்று, ஒரே ஒரு முரசொலிப்பவன் துணையிருக்க, மணிக்கணக்காகக் கதையைப் பாடியும் பேசியும் நடத்தும் பன்சோரி என்னும் அரிய கலை அவர்கள் கையில்தான் வளர்ந்தது. தெய்வம் இறங்கி ஆடும் பூசாரிக் குடும்பங்களோடு அந்தப் பாடகர்களுக்கு இரத்த உறவு இருந்தது. 1894-இல் நடந்த சீர்திருத்தத்தால் பிறப்பு வழி வந்த வகுப்பு வேற்றுமை சட்டத்தளவில் ஒழிந்தது. 1909-இல் வந்த குடிப்பதிவுச் சட்டத்தால் எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டியதாயிற்று. பெயரற்றிருந்தோரில் பலர், ஊரில் பெரும்பான்மையான கிம், லீ, பார்க் என்ற பெயர்களையே ஏற்றனர். ஆகவே இன்று ஒரு கொரிய நடிகன் கிம் என்று அழைக்கப்படும்போது, அவன் அரச வம்சத்தவனாகவும் இருக்கலாம். நூறாண்டுக்கு முன் பெயரே மறுக்கப்பட்ட ஒரு கூத்தாடியின் கொள்ளுப்பேரனாகவும் இருக்கலாம். பெயர் அதனைச் சொல்லாது. தாழ்த்தப்பட்டவனுக்கு அந்த மௌனமே பாதுகாப்பாக அமைந்தது என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் குமரி மாவட்டத்தில் அடிக்கடி பேசப்படும் ஒரு செய்தியையும் பரிசீலித்துவிடுவது நலம். கி.பி. 48-இல் கடல் கடந்து வந்து, கொரியாவின் கயா நாட்டரசன் சூரோவை மணந்த ஹியோ ஹுவாங்-ஓக் என்னும் இளவரசி அயூதா நாட்டினள் என்று சம்குக் யூசா என்ற கொரிய நூல் கூறுகிறது. கிம்ஹே ஊர்க் கிம் குலத்தாரும் ஹியோ குலத்தாரும் அவளையே தம் மூதாயாகக் கொண்டாடுகின்றனர். அயூதா என்பது அயோத்தி என்று ஒரு சாராரும், குமரியை ஆண்ட ஆய் வேளிரின் நாடு என்று தமிழகத்தில் சிலரும் கூறுவர். ஆய் நாட்டின் பழமையில் எவருக்கும் ஐயமில்லை. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற யவன ஆசிரியர் அந்நாட்டையும் குமரியையும் குறிப்பிடுகிறார். விளவங்கோடு வட்டத்துப் பார்த்திவபுரத்தில் கருநந்தடக்கன் என்ற ஆய் மன்னன் திருமால் கோயிலும் கல்விச் சாலையும் அமைத்த செய்தியை 866-ஆம் ஆண்டுச் செப்பேடு தெளிவாக உரைக்கிறது. ஆனால் இளவரசியின் கதையை எழுதிய நூலோ பதின்மூன்றாம் நூற்றாண்டினது. நிகழ்ச்சிக்கும் ஏட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1200 ஆண்டுகள் கிடக்கின்றன. நம் பக்கத்துக் கல்வெட்டு எதுவும் அந்தப் பயணத்தைப் பேசவில்லை. ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு கடலைத் தாண்டுவது ஆராய்ச்சியாகாது. கொரியருக்கும் நமக்கும் உள்ள ஒப்புமையைக் காண இரத்த உறவைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெயரை ஒரு சமூகம் எவ்வாறு அளந்து கொடுத்தது என்பதைப் பார்த்தாலே போதும்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரு வட்டங்களும் சேர்ந்தது பழைய நாஞ்சில் நாடு. இங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று வேரூன்றவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாமல் அம்மாவனிடமிருந்து மருமகனுக்குச் சென்ற மருமக்கள் வழி நெடுங்காலம் நிலவியது. அதன் அல்லல்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மான்மியமாகவே பாடினார். கொல்லம் 1101-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு இயற்றிய சட்டமே அதற்கு முடிவு கட்டியது. தந்தைக்கும் மகனுக்கும் இடையே சொத்தே தொடராத இடத்தில் தந்தை வழிக் குடும்பப் பெயர் தொடராமற் போனதில் வியப்பில்லை. ஆனால் ஒருவனை ஊரார் அறிந்துகொள்ள நான்கு அடையாளங்கள் இருந்தன: பிறந்த ஊர், பெற்றவர் பெயர், குலதெய்வத்தின் பெயர், மன்னனோ சாதியோ தந்த பட்டம்.

இவற்றுள் பட்டம் அரசன் கையில் இருந்தது. செண்பகராமன் என்பது திருவிதாங்கூர் மன்னர் தம் அதிகாரிகளுக்கு வழங்கிய உயர்ந்த விருது. தலக்குளத்தில் பிறந்து தளவாயாக உயர்ந்த வேலுத்தம்பியின் முழுப் பெயரிலும் அது உண்டு. பெயரை அளிக்கும் அதிகாரம் உள்ளவனுக்கு மறுக்கும் அதிகாரமும் உண்டு. 1809-இல் சாஸ்தாங்கோயில்விளை என்ற இன்றைய சுவாமித்தோப்பில் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெற்றோர் பெயரிட்டதும், தாழ்ந்த குலத்தான் மகனுக்கு முடி ஒரு கேடா என்று மேல்சாதியார் எதிர்த்ததால் அது முத்துக்குட்டி என மாற்றப்பட்டதும் அய்யாவழி மரபில் இன்றும் சொல்லப்படும் வரலாறு. அந்தக் குழந்தையே பின்னர் அய்யா வைகுண்டராகத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னவர். பெயரில்கூட முடி இருக்கலாகாது என்று விதித்த சமூகத்தில் தலைப்பாகையின் அர்த்தம் எத்தகையது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

மன்னன் கொடுக்காததும் எவராலும் பறிக்க முடியாததுமான பெயர் ஒன்று எளியவர்களிடம் இருந்தது. அது ஊர்த் தெய்வத்தின் பெயர். சுடலைமுத்து, சுடலையாண்டி, இசக்கிமுத்து, மாடசாமி, பேச்சியம்மாள், முத்தாரம்மாள் என்ற பெயர்களுக்கு எந்த அரண்மனையின் அனுமதியும் தேவைப்படவில்லை. சுசீந்திரத்துத் தாணுமாலயன் பெயரால் தாணுப்பிள்ளைகளும், குமரிப் பகவதியின் பெயரால் பகவதி என்னும் ஆண்மக்களும் பெருகியது போலவே, சுடலைமாடனும் இசக்கியும் தங்கள் பீடங்களைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களில் பெயராகக் குடியேறினர். இந்தத் தெய்வங்களுக்குக் கோயிலில் வேதம் இல்லை; வில்லுப்பாட்டே அவற்றின் புராணம்.

கொடை விழா நடக்கும் அம்மன் கோயில் முற்றத்தில் வில்லை நிறுத்தும் காட்சியைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பனை வைரத்தாலான நீண்ட வில்லின் நாணைத் தோலால் முறுக்கிக் கட்டி, வில்லில் வெண்கல மணிகளைத் தொங்கவிட்டு, அதன் நடுவைப் பிரிமணைமேல் சாய்த்த குடத்தின் கழுத்தோடு பிணைப்பர். புலவர் இரு கைகளிலும் வீசுகோல் ஏந்தி நாணில் அடித்துப் பாடுவார். வலம்பாடுவோர் ஒரு புறமும் இடம்பாடுவோர் ஒரு புறமும் அமர்ந்து, அடியை வாங்கிப் பாடியும் ‘ஆமா’ போட்டும் கதையை நகர்த்துவர். உடுக்கும் தாளமும் கட்டையும் கூடும். குடம் அடிப்பவர் மட்டையால் குடத்தின் வாயைத் தட்ட, அந்த ஒலி நிலத்துக்குள்ளிருந்து எழுவது போலிருக்கும். காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லிய பின்னரே கதை தொடங்கும். இந்தக் குருவடி என்ற பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன். புலவர் அங்கே தன் தகப்பன் பாட்டன் பெயரையோ குலத்தையோ சபைக்குச் சொல்வதில்லை. தனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவரை வணங்குகிறார். கலைஞனுடைய வம்சம் ஆசான் வழியாக எண்ணப்பட வேண்டும் என்ற கொள்கை அந்தச் சில அடிகளுக்குள் இருக்கிறது. கதை முற்றி வரத்துப் பாட்டு எழும்போது, இதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர்மேல் தெய்வம் இறங்கும். பன்சோரிப் பாடகனும் இத்தகைய பூசையின் பக்கத்திலிருந்து வந்தவன்தான்; அவனுக்கு முரசொலிப்பவன் இடையிடையே உற்சாகக் குரல் கொடுப்பதை முதன்முறை கேட்கும் நாஞ்சில் நாட்டான், நம்மூர் ‘ஆமா’வைத்தான் நினைப்பான்.

இந்த முற்றத்திலிருந்து வந்தவர் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன். தமிழ்நாடு முழுவதும் அவரைக் கலைவாணர் என்ற பட்டத்தால் அறியும், என்.எஸ்.கே. என்ற மூன்றெழுத்தால் இன்னும் அதிகமாக அறியும். அந்த எழுத்துகளை விரித்துப் பார்த்தவர் மிகச் சிலரே. ‘என்’ நாகர்கோவில், ‘எஸ்’ சுடலைமுத்து. தாயார் பெயர் இசக்கியம்மாள். தந்தை பெயரில் சுடலைமாடனும் தாய் பெயரில் இசக்கியும் அமர்ந்திருக்கின்றனர். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டின் இரு பெருங்கதைகளுக்கு நாயகனும் நாயகியுமானவர்கள் அவர்களே. அப்படியிருக்க, இந்தப் பிள்ளைக்கு வில்லின் அடி காதில் விழுந்தது தற்செயலா? சிறு வயதிலேயே வில்லுப்பாட்டில் ஈடுபட்டு, நாடகக் கொட்டகைகளைச் சுற்றி வளர்ந்து, டி.கே.எஸ். சகோதரர் குழுவில் நடிகராகி, 1936-இல் சதிலீலாவதி வாயிலாகத் திரைக்கு வந்து, சிரிப்பைச் சிந்தனைக்கு வழியாக்கிய அந்தப் பெருமகன், புகழின் உச்சியிலும் வில்லை மறக்கவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகம் என்ற இளம் புலவரைச் சென்னைக்கு அழைத்துவந்து, காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக எழுதச் செய்து, மாநகரச் சபைகளில் தாமே அமர்ந்து பாடினார். சுடலையின் கதையைச் சுமந்த வில் காந்தியின் கதையையும் சுமக்கும் என்று கண்டுகொண்டது சாமானிய தீர்க்கதரிசனமன்று.

பகுத்தறிவுப் பிரசாரத்தில் முன்னின்ற ஒருவரின் முன்னெழுத்துக்குள் சுடுகாட்டுத் தெய்வம் ஒன்று ஒளிந்திருப்பதை முரண்பாடாகச் சிலர் கொள்ளலாம். நான் அவ்வாறு கொள்ளவில்லை. தெய்வத்தின் பெயரால் அழைக்கப்பட்ட எளிய மக்களின் கூட்டத்திலிருந்தே அவர் பேச்சின் கூர்மையும், எதிரே இருப்பவனைப் புண்படுத்தாமல் திருத்தும் நயமும் பிறந்தன. ஒழுகினசேரியில் கட்டிய வீட்டுக்கு அவர் குலப் பெயரையோ தந்தை வழிப் பெயரையோ இடவில்லை. தம்மோடு மேடையையும் திரையையும் பகிர்ந்துகொண்ட மனைவி டி.ஏ. மதுரத்தின் பெயரால் மதுர பவனம் என்று பெயரிட்டார். வீட்டுப் பெயரைக்கொண்டே ஆளை அறியும் வழக்கமுள்ள இந்தச் சீமையில், அது எண்ணிச் செய்த காரியம் என்றே நான் நம்புகிறேன்.

முன்னெழுத்து எவ்வாறு குடும்பப் பெயராக இறுகுகிறது என்பதற்கு அவரை வளர்த்த குழுவே சான்று. பெண்வேடத்தில் பெயர் பெற்ற நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் மக்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நால்வர். திருவனந்தபுரம் கண்ணுசாமி என்பதே ‘டி.கே.’ ஆயிற்று. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சிறுவர்களாகச் சேர்ந்து, 1925-இல் தமக்கெனச் சொந்தக் குழு கண்ட இச்சகோதரர்களைத் தமிழகம் டி.கே.எஸ். சகோதரர்கள் என்றே அழைத்தது. டி.கே. சண்முகத்தின் மகன் பெயர் டி.கே.எஸ். கலைவாணன். ஊரும் பாட்டனும் தந்தையும் மூன்று எழுத்தாகச் சுருங்கி, அடுத்த தலைமுறைக்கு அப்படியே இறங்கியிருக்கின்றன. கொரியர்களின் மூலவூரும் குடும்பப் பெயரும் சேர்ந்து செய்யும் வேலையை இந்த எழுத்துகள் செய்கின்றன. வேற்றுமை என்னவெனில், கொரியருக்கு அதனைக் கொடுத்தது அரசு, இவர்களுக்குக் கொடுத்தது நாடக மேடை. ஔவையாராக நடித்த பெருமையால் சண்முகத்துக்கு ‘அவ்வை’ என்ற அடைமொழியும் பெயரின் அங்கமாகவே ஒட்டிக்கொண்டது. ஓர் ஆண்மகனுக்கு ஒரு மூதாட்டியின் பெயர் பட்டமாக நிலைத்தது நம் மேடைக்கே உரிய விசேஷம்.

மேடை எல்லோருக்கும் இவ்வளவு தயாளமாக இருக்கவில்லை. அகஸ்தீஸ்வரத்தில் 1900-இல் பிறந்த ஜே.சி. டேனியல், மலையாளத்தின் முதல் திரைப்படம் எனப்படும் விகதகுமாரனை எடுத்தவர். ஜோசப் செல்லையா என்ற அவருடைய முன்னெழுத்துகளில் ஊரும் இல்லை, சாதிப் பட்டமும் இல்லை. மிஷன் மரபும் தமிழ்ச் செல்லப் பெயரும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. தம் நிலபுலன்களை விற்று அவர் எடுத்த அந்தப் படத்தில் சரோஜினி என்ற நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் புலையர் குலத்தில் பிறந்த பி.கே. ரோசி. ராஜம்மா என்ற பெயருடையவர் திரைக்காக ரோசி ஆனார். தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தி திரையில் உயர்குலப் பெயர் பூண்டதைப் பொறாதவர்கள் திருவனந்தபுரத்தில் படம் காட்டிய கொட்டகையில் கலகம் விளைத்து, அவரையும் ஊரை விட்டே துரத்தினர். அவர் தென்திசை வந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில், தான் நடிகை என்பதை வெளியே சொல்லாமல் வாழ்ந்து மறைந்தார் என்று பின்னாளில் தேடியவர்கள் எழுதியுள்ளனர். பெயருக்காகத் தண்டிக்கப்பட்ட கலைஞர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் இவரையே சொல்வேன். கிம் என்ற பெயருக்குள் சென்று மறைந்த கொரியக் கூத்தாடிக்குப் பின்னால் அவன் கலை தொடர்ந்தது. ராஜம்மாள் என்ற பெயருக்குள் மறைந்த ரோசிக்குக் கலையும் சேர்ந்தே போயிற்று.

டேனியலுக்கும் ஊர் விஷயத்தில் வேறொரு கொடுமை நேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. வறுமையுற்ற முதுமையில் அவர் உதவி நாடியபோது, தமிழ்நாட்டில் வாழும் ஒருவருக்குக் கேரளம் உதவ இயலாது என்ற வாதம் எழுந்தது. 1975-இல் அகஸ்தீஸ்வரத்திலேயே அவர் காலமானார். 1992 முதல் கேரள அரசு தன் உயர்ந்த திரைப்பட விருதை அவர் பெயராலேயே வழங்கிவருகிறது. ஊரை முன்னெழுத்தாக எழுதாதவரையும் ஊர் விடவில்லை.

இதே மாவட்டத்தில் ராவ் என்ற பட்டத்தோடு வாழும் தோற்பாவைக்கூத்துக் கலைஞர்களைப் பற்றியும் ஒரு சொல். மராட்டியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் வகுப்பினர் அவர்கள். இராமாயணத்தைத் தமிழில் நடத்துகின்றனர். அவர்கள் பெயரில் அந்தப் பட்டம் மட்டுமே பழைய நாட்டை நினைவூட்டி நிற்கிறது.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கும்படி தீர்மானித்தது. அதற்கு முந்திய தலைமுறை நாடகக்காரர் முதலியாராகவும் பிள்ளையாகவும் செட்டியாராகவும் விளம்பரத்தில் நின்றனர். பிந்திய தலைமுறையினர் முன்னெழுத்தோடு நின்றனர். பட்டம் விழுந்த வெற்றிடத்தில் நம் சீமையார் நாட்டின் பெயரையே எடுத்துச் சூட்டிக்கொண்டதுதான் எனக்கு மிகவும் உவப்பான செய்தி. அரசியல் மேடையில் நாஞ்சில் மனோகரன், நாஞ்சில் சம்பத், குமரி அனந்தன். இலக்கியத்தில் வீரநாராயணமங்கலத்துச் சுப்பிரமணியம் நாஞ்சில் நாடனாக எழுதுகிறார். எந்தச் சாதியானும், எந்த மதத்தானும் சூடிக்கொள்ளக்கூடிய பெயர் அது. இதற்கு நேர்மாறாக, கொரிய இளைஞர் பாடகரானதும் குடும்பப் பெயரையே கழற்றி வைக்கிறார்; கிம் நாம்-ஜூன் ஆர்.எம். ஆகிறார், லீ ஜி-உன் ஐ.யூ. ஆகிறார். நாட்டில் இத்தனை பேருக்குப் பொதுவான பெயர் மேடைக்குப் பயன்படாது போலும். எடுத்தாலும் சேர்த்தாலும், பிறப்பு கொடுத்ததைக் கலைஞன் அப்படியே வைத்துக்கொள்வதில்லை.

கொட்டாரத்தில் வாழ்ந்து 2018-இல் மறைந்த வில்லிசைக் கலைஞர் பூங்கனிக்கு எந்த முன்னெழுத்தும் தேவைப்படவில்லை. ஆண்கள் நடுவே வீசுகோல் பிடித்து முன்னிருந்து பாடிய அந்த அம்மையாரைக் கொடைக்கு அழைத்தவர்களுக்குப் பூங்கனி என்ற பெயரே போதுமானதாக இருந்தது. அவர் பாடிய கதைகளில் சுடலையும் இசக்கியும் தம் முழுப் பெயரோடு வாழ்ந்தனர்.

இப்போது தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறப்பித்த ஆணையின்படி, பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும். ஒழுகினசேரிச் சிறுவன் இன்று பள்ளியில் சேர்ந்தால் பதிவேட்டில் அவன் நா.சு. கிருஷ்ணன் என்று எழுதப்படுவான். ஆனால் சுடலைமுத்து என்றும் இசக்கியம்மாள் என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிடும் குடும்பங்கள் குறைந்துவருகின்றன; ஒரு தலைமுறை கழிந்தால் முன்னெழுத்தாகச் சுருக்குவதற்கும் அந்தப் பெயர்கள் இரா. இந்த மாவட்டத்துப் பள்ளிப் பதிவேடுகளிலும் கொடை நோட்டீசுகளிலும் நாடகக் கம்பெனி விளம்பரத் தாள்களிலும் உள்ள பெயர்களை, அவற்றின் விரிவோடு திரட்டும் வேலையை நம் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் இப்போதே தொடங்க வேண்டும். விரித்துச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் தோவாளையிலும் கொட்டாரத்திலும் இருக்கிறார்கள்.